கோபுர தரிசனம்: 'பார்க்க வேண்டிய இடங்கள்' யாருக்கு?

மதுரைப் புதுமண்டபத்துக்குள் தையல் மிஷின்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் இருந்த காலத்தில் அங்கே ஒரு சின்னப் புத்தகம் கயிற்றில் தொங்கும். 'மதுரையில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று போட்டிருக்கும். அட்டையில் கிளியோடு மீனாட்சி, பின்னட்டையில் ஊதுபத்தி விளம்பரம். கடைகளை அங்கிருந்து காலி பண்ணிக் குன்னத்தூர் சத்திரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். புத்தகம் மட்டும் மாறவில்லை. முப்பது வருசமாக அவ்வப்போது வாங்கியதில் என்னிடம் ஐந்தாறு இருக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்தது, அச்சுப்பிழை முதற்கொண்டு அப்படியே இருக்கும்.

இலக்கியப் பத்திரிகையில் இதையெல்லாமா விமர்சனம் பண்ணுவார்கள் என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம்ம நாவல்களையும் கவிதைகளையும்விட இந்த இருபது பக்கத்தைத்தான் சனங்கள் அதிகம் படிக்கிறார்கள். ராமேசுவரம் போகிற வழியில் இறங்குகிற வடநாட்டுக்காரரும் சபரிமலைக்குப் போகிற ஆந்திராக்காரரும் மதுரையை இதன் வழியாகத்தான் பார்க்கிறார்கள். இன்றைக்குச் செல்போனில் விரலைத் தள்ளித் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பதும் இதே பட்டியல்தான். ஒரு ஊர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறது, எதை முந்தானைக்குள் மறைக்கிறது என்பது இதில் தெரிகிற அளவுக்கு இலக்கியத்தில் தெரிவதில்லை.

வரிசை எல்லாருக்கும் மனப்பாடம். முதலில் மீனாட்சி கோயில். அப்புறம் திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், காந்தி மியூசியம், திருப்பரங்குன்றம், அழகர்கோயில். நேரமிருந்தால் சமணர் மலை. சமீபத்தில் கீழடி அருங்காட்சியகத்தையும் (2023) அலங்காநல்லூர் பக்கம் கட்டிய ஜல்லிக்கட்டு அரங்கத்தையும் (2024) சேர்த்துக்கொண்டார்கள். கோயிலைப் பற்றி எழுதும்போது ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளபடிக்கு 985 தூண்தான் என்பதை மறக்காமல் சொல்லுவார்கள். பதினைந்து தூண் குறைகிறது என்கிற கணக்கு இருக்கிறது. யார் யாரை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள், எந்த வருசம் வரைக்கும் வைத்திருந்தார்கள் என்கிற கணக்கு இல்லை.

'பார்க்க வேண்டிய இடங்கள்' என்ற தொடரை நன்றாகப் பாருங்கள். அதில் எழுவாய் கிடையாது. யார் பார்க்க? யாரும், எவரும், எல்லாரும் என்று நினைத்துக்கொள்ளலாம். காசும் நேரமும் இருந்தால் எந்த மனுசனும் எந்த வாசலுக்குள்ளும் நுழைந்துவிடலாம், எப்போதும் அப்படித்தான் இருந்தது என்கிற பொய் அந்த இல்லாத எழுவாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இந்தப் புத்தகங்களோடு சண்டை அந்த இடத்தில்தான்.

எங்க அப்பத்தாவுக்கு மேலூர்ப் பக்கம். சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வருவார்கள். அவள் சொல்லுவாள்: "கீழவாசல் பக்கம் தூரத்துல நின்னு கோபுரத்தைப் பாத்து ஒரு கும்புடு. அப்புறம் நேரா வைகை ஆத்துக்குப் போயிருவோம். அழகரு ஆத்துக்குள்ள எறங்குறப்ப எல்லா சாதியும் மணல்லதானடா நிக்கணும். அங்க எவன் நம்மளத் தள்ளுவான்?" கோபுர தரிசனம் கோடிப் புண்ணியம் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்களே, அதை யாருக்காகச் சொல்லிவைத்தார்கள் என்று அப்பத்தாவின் பேச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. உள்ளே விட முடியாதவர்களுக்கு வெளியிலேயே கொடுத்து அனுப்புகிற பங்கு அது. சாமியை நாங்கள் வைத்துக்கொள்கிறோம், நீங்கள் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையேடுகள் இந்தப் பழமொழியைப் பக்தியின் பெருமையாக அச்சடிக்கின்றன. படித்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

1939 ஜூலை 8. மதுரை வைத்தியநாத அய்யர் தலைமையில் ஐந்து தலித்துகளும் ஒரு நாடாரும் மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். கக்கனை எல்லாருக்கும் தெரியும். பிற்பாடு அமைச்சராக இருந்தார். மற்ற நாலு பேர் சுவாமி முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து. நாடார் விருதுநகர் சண்முக நாடார். பட்டர்களில் ஒரு சாரார் தீட்டுப்பட்டுவிட்டது என்றார்கள், பூசை செய்ய மாட்டோம் என்று பூட்டினார்கள். நுழைந்தவர்கள் மேலும் நுழையவிட்ட அதிகாரிகள் மேலும் வழக்கு வராமல் பாதுகாக்க ராஜாஜி அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டு, அதே வருசம் அதை முழுச் சட்டமாகவும் ஆக்கியது. ஒரு கோயிலுக்குள் கால் வைத்ததற்கு ஒரு மாகாண அரசாங்கம் சட்டம் போட்டுக் காபந்து பண்ண வேண்டியிருந்தது என்றால் அந்த வாசப்படி எவ்வளவு உயரம் இருந்திருக்கும்? கோபுரத்தின் உயரத்தை அளந்தவர்கள் இதை அளக்கவில்லை.

என்னிடம் இருக்கும் கையேடுகளில் இரண்டில் இந்தச் செய்தி வருகிறது. ஒன்றில் ஒரு வரி: 'வைத்தியநாத அய்யர் அரிசன சகோதரர்களை ஆலயத்துக்குள் அழைத்துச் சென்றார்.' அழைத்துச் சென்றவருக்குப் பேர் இருக்கிறது, போனவர்கள் 'சகோதரர்கள்'. ஆலயப் பிரவேசத்தை மேல்சாதிப் பெருந்தன்மையின் கதையாக எழுதுகிற பழக்கம் இது. அய்யர் செய்தது சின்னக் காரியம் என்று நான் சொல்லவில்லை. அவரைச் சொந்தச் சாதி தள்ளி வைத்தது. ஆனால் அன்றைக்கு உள்ளே போய் அடி விழுந்திருந்தால் முதல் அடி யார் முதுகில் விழுந்திருக்கும்? இன்னொரு கையேட்டில் 'அனைவரும் வழிபட அனுமதிக்கப்பட்டனர்' என்று இருக்கிறது. இதில் அனுமதித்தவனும் இல்லை, அதுவரை தடுத்தவனும் இல்லை. செயப்பாட்டு வினையைத் தமிழில் கண்டுபிடித்ததே இந்த மாதிரிக் காரியத்துக்குத்தானோ என்று தோன்றும்.

காந்தி மியூசியம் பக்கத்தில் கையேடுகள் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை, 1959இல் நேரு திறந்தது, காந்தியின் ரத்தக்கறை படிந்த துணி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அங்கேயே சொல்ல வேண்டிய ஒன்று விட்டுப்போகிறது. 1934இல் மதுரைக்கு வந்த காந்தி, நமக்குக் கதவு திறக்காத மீனாட்சி கோயிலுக்குள் போகவில்லை. 1946இல் வந்தபோதுதான் போனார். மதுரைக்கு வந்து அதன் தலையாய இடத்தைப் பார்க்காமல் திரும்பிய பயணி அவர். காந்தியோடு நமக்குப் பாக்கிக் கணக்கு நிறைய இருக்கிறது, 1932 பூனாவிலிருந்து. அதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய துணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிறவர்கள், அவர் ஏன் பார்க்க மறுத்தார் என்பதைக் காட்ட மறுக்கிறார்கள்.

அப்பத்தா அந்தச் சட்டம் வந்த உடனே உள்ளே போய்விடவில்லை. பத்து வருசம் ஆனது. "உள்ள போகலாம்னு சட்டம் வந்துருச்சுன்னு சொன்னாக. எனக்குக் காலு வரலடா. படியில நிக்கிறேன், பின்னாடியிருந்து எவனாச்சும் ஏய்னு கூப்புடுவானோன்னு முதுகு கூசுது. உங்க தாத்தாதான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனாரு. சாமியப் பாத்தது எனக்கு ஞாபகமே இல்ல. பொற்றாமரைக் குளத்துப் படியில எறங்கித் தண்ணியத் தொட்டேன். அதுதான் ஞாபகம்." எந்தக் கையேட்டிலும் இல்லாத தரிசனம் இது.

மகாலுக்கு வருவோம். 1636இல் திருமலை நாயக்கர் கட்டினார். பேரன் சொக்கநாத நாயக்கர் பாதியை இடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். மிச்சத்தை ஆங்கிலேய கவர்னர் நேப்பியர் பழுதுபார்த்தார். கட்டியவன் ராசா, இடித்தவன் ராசா, பூசியவன் துரை. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் என்றும், தோண்டும்போது ஒரு பிள்ளையார் கிடைத்தார், அவரைத்தான் முக்குறுணி விநாயகர் என்று கோயிலுக்குள் வைத்தார்கள் என்றும் எல்லாக் கையேடும் சொல்லும். நல்ல கதை. மண்ணுக்குள் இருந்து வந்த பிள்ளையாருக்குப் பேர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, சதுர்த்திக்குக் கொழுக்கட்டை இருக்கிறது. தோண்டின கைகளுக்கு ஒன்றும் இல்லை. அவ்வளவு பெரிய குளத்தை மண்வெட்டியால் வெட்டிக் கூடையில் சுமந்தவர்கள் எந்தச் சேரியிலிருந்து வந்தார்கள், கூலி வாங்கினார்களா வெட்டியா என்று கேட்பதற்குச் சுற்றுலாவில் இடமில்லை.

கோயிலின் கிழக்கு வாசல் பக்கம் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. மதுரைவீரன். கையேட்டில் பேர் வந்தால் அரை வரி. சக்கிலியர் வீட்டுப் பிள்ளையான வீரன், கதைப்பாடலின்படி, மதுரையைக் கள்ளர் பயத்திலிருந்து காத்துக் கொடுத்தவன். அதே ஊரில் மன்னன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். கதைக்குள்ளேயே அவனைக் காசி ராசா மகன் என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். வீரம் ராச ரத்தத்தில் இருந்துதான் வரும், செருப்புத் தைக்கிற வீட்டில் வளரலாமே தவிரப் பிறக்கக் கூடாது. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படம் இந்தக் கதையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அருந்ததியர் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் இந்தப் பிறப்புக் கதையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டுவிட்டார்கள். எனக்கு அந்தக் கோயில் இருக்கிற இடம்தான் பேசுகிறது. கொன்ற ராசாவுக்கு ஊருக்குள் மகால், சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சி. கொல்லப்பட்டவனுக்கு வாசலில் காவல் வேலை.

அந்தக் காவல் வேலை இன்னும் முடியவில்லை. 2017இல் மீனாட்சி கோயிலுக்கு இந்தியாவிலேயே தூய்மையான அடையாளத் தலம் என்று ஒன்றிய அரசு விருது கொடுத்தது. சித்திரை வீதிகளில் காகிதம் கிடக்காது, மெய்தான். விடியும் முன்பு கூட்டிப் பெருக்குகிறவர்கள் யார் என்று மதுரையில் யாரையும் கேட்க வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். அதே 2017இல்தான் மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதி 'கக்கூஸ்' ஆவணப்படம் எடுத்து வெளியிட்டார். விருது வாங்கின வீதியையும் அந்தப் படத்தில் பேசுகிற முகங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் 'தூய்மை' என்ற சொல் விளங்கும். கையேட்டுக்காரர்கள் விருதை மட்டும் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த மலிவுப் புத்தகங்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. படித்தவர்கள் மெச்சுகிற பயண இலக்கியமும் நமக்கு இருக்கிறது. ஏ.கே. செட்டியார் உலகத்தையே சுற்றினார், கடல் கடந்து போன தமிழர்களைப் பற்றி அக்கறையோடு எழுதினார், அலட்டல் இல்லாத நடை அவருடையது. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் 'வேங்கடம் முதல் குமரி வரை' கோயில் கோயிலாகப் போனார். தி. ஜானகிராமனும் சிட்டியும் காவேரி ஓரமாகப் போய் 'நடந்தாய் வாழி, காவேரி' எழுதினார்கள். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' ஏடு தேடி அலைந்த பயணமும்தான். இவற்றையெல்லாம் நான் விரும்பிப் படித்திருக்கிறேன், இப்போதும் படிப்பேன். படிக்கும்போது ஒரு கேள்வி மட்டும் கூடவே வரும்: ராத்திரி இவர்கள் எங்கே படுத்தார்கள்? யார் வீட்டில் கை நனைத்தார்கள்?

இது அற்பக் கேள்வி இல்லை. பயணம் என்பதே இந்த நாட்டில் விருந்தோம்பலின் மேல்தான் நடக்கும். மடம், சத்திரம், அக்கிரகாரத்துத் திண்ணை, ஜமீன் பங்களா, நகரத்தார் விடுதி, சாதிச் சங்கத்து மண்டபம். ஊருக்கு ஊர் ஒரு சொந்தக்காரரோ சொந்தச் சாதிக்காரரோ இலை போட்டு வைத்திருப்பார். அந்த வலைக்குள் பிறந்தவனுக்கு நாடு முழுக்கத் திண்ணை. வலைக்கு வெளியே பிறந்தவனுக்கு அடுத்த ஊர்கூட அந்நிய தேசம். அங்கே எந்தத் தெரு வழியாகச் செருப்புப் போட்டு நடக்கலாம், எந்தக் கடையில் எந்தத் தம்ளரில் குடிக்கலாம் என்று தெரியாது. சேரியிலிருந்து பயண நூல் வரவில்லையே என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் ஆதங்கப்பட்டார். எப்படி வரும்?

நம்மாட்கள் ஊரைவிட்டுப் போகாமல் இல்லை. சிலோனுக்குப் போனார்கள், பர்மாவுக்குப் போனார்கள், மலையேறித் தேயிலைக்குப் போனார்கள். அதற்குப் பேர் பயணம் இல்லை, 'பஞ்சம் பொழைக்கப் போறது'. பி.எச். டேனியல் 1969இல் இங்கிலீஷில் எழுதி, இரா. முருகவேள் 2007இல் தமிழில் கொண்டுவந்த 'எரியும் பனிக்காடு' நாவலைச் சுற்றுலா இலக்கிய வரிசையில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்லுவேன். கங்காணி கூட்டிக்கொண்டுபோன சனங்கள் அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் செத்துச் செத்துச் செதுக்கின மலைதான் இன்றைக்கு 'பச்சைக் கம்பளம் விரித்த வால்பாறை'. மதுரையில் இறங்குகிறவர்களை டிராவல்ஸ்காரர்கள் அடுத்து மூணாறுக்கு ஏற்றிவிடுகிறார்கள். அந்த மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து, லயத்தோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். லயத்தின் அகலமும் நீளமும் எவ்வளவு என்று எந்தக் கையேடும் எழுதுவதில்லை. தேயிலைச் செடியின் நடுவில் நின்று போட்டோ எடுக்க நல்ல இடம் எது என்று எழுதுகிறது.

ஒரு தலித் எழுதிய பயண நூல் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தியாவிலேயே மிகச் சிறந்த பயணக் குறிப்பை எழுதியவர் அம்பேத்கர்தான். 1930களின் நடுவில் எழுதி, அவர் காலத்தில் வெளிவராமல், 1990இல் சிறு நூலாக வந்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. தன்வரலாறு என்றும் சாட்சியம் என்றும்தான் அதைப் படிக்கிறோம். அதில் வருவதில் பெரும்பகுதி ரயில், மாட்டுவண்டி, விடுதி, குதிரைவண்டி, மோட்டார், கோட்டை. பயணத்தின் உருப்படிகள் எல்லாம் இருக்கிறது, விருந்தோம்பல் ஒன்றைத் தவிர.

1901. சாத்தாராவிலிருந்து கோரேகாவில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் புதுச்சட்டையும் தொப்பியும் போட்டு ரயிலேறுகிறார்கள். மசூர் ஸ்டேசனில் இறங்கி, கேட்டபோது மகார் என்று சொன்னதும் ஸ்டேசன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. இரட்டை வாடகை கொடுத்தும் வண்டிக்காரன் வண்டியில் ஏறமாட்டான். பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் நடந்து வருவான். கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் ராத்திரி முழுக்கக் கிடைக்கவில்லை. 1917இல் கொலம்பியாவும் லண்டனும் படித்துவிட்டுப் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் வேறு பேரில் ஒண்டிக்கொள்கிறார், பதினோராம் நாள் தடிகளோடு வந்து துரத்துகிறார்கள்.

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்குவது 1934 தவுலதாபாத். காரணம், அது உண்மையிலேயே சுற்றுலா. இயக்கத் தோழர்கள் முப்பது பேர், எல்லோரா பவுத்தக் குகைகளைப் பார்ப்போம் என்று அம்பேத்கரோடு கிளம்புகிறார்கள். பிழைப்புக்கு இல்லை, மாநாட்டுக்கு இல்லை, ஊர் சுற்றிப் பார்க்க. வழியில் தவுலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகத்தை வாசலுக்குப் பக்கத்துத் தொட்டித் தண்ணீரில் கழுவுகிறார்கள். தொட்டியைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முஸ்லிம் பெரியவர் கத்திக்கொண்டு வர, கூட்டம் கூடிவிடுகிறது. கடைசியில், உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலாள் ஒருவன் கூடவே வர, கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் பார்சிக்கும் முஸ்லிமுக்கும்கூடத் தீண்டத்தகாதவன் ஆகிவிடுகிறான் என்று அம்பேத்கர் அதில் காட்டுகிறார். தண்ணீரைத் தொடாமல் பார்க்கும்படி காவல் போட்டு ஒரு மனுசனை நடத்திக்கொண்டுபோன கோட்டை இன்றும் 'பார்க்க வேண்டிய இடங்கள்' பட்டியலில் இருக்கிறது. அதை அங்கே போகிறவனுக்குச் சொல்லாமல் விட்டால் பாதிக் கோட்டையைத்தான் காட்டியிருக்கிறோம். 2002இல் 'இன்கிரெடிபிள் இந்தியா' என்று விளம்பரம் ஆரம்பித்தார்கள், கொஞ்ச வருசத்தில் 'அதிதி தேவோ பவ' என்றார்கள். விருந்தாளிதான் தெய்வமாம். நல்லது. விருந்தாளி என்ன சாதி என்று முதலில் கேட்டுக்கொள்வோம்.

தவுலதாபாத் தூரத்தில் இருக்கிறது, காலமும் போய்விட்டது என்று சொல்லுகிறவர்களுக்கு மேலூர் ரோடு இருக்கிறது. மதுரையிலிருந்து வடக்கே போனால் பாறை மலைகள். அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மாங்குளம், கீழவளவு மலைகளில் சமணர் படுக்கைகள், ஈராயிரம் வருசத்துத் தமிழி எழுத்துகள். விவரம் தெரிந்தவர்கள் 'பசுமை நடை' போகிற இடங்கள். நானும் போயிருக்கிறேன், படுக்கையில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். கீழவளவு வரைக்கும் கையேடு கூட்டிக்கொண்டு போகும். அதே மேலூர் வட்டாரத்து மேலவளவுக்குப் போகாது.

மேலவளவு ஊராட்சி தனித்தொகுதியானதும் வேட்புமனு போட்டவர்களின் வீடுகள் எரிந்தன. 1996 கடைசியில் முருகேசன் தலைவராக ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸை நிறுத்தி ஆறு பேரைக் கொன்றார்கள். முருகேசன், மூக்கன், ராஜா, செல்லத்துரை, சேவகமூர்த்தி, பூபதி. டிக்கெட் வாங்கிப் பகலில் பஸ்ஸில் வந்தவர்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள்தண்டனை. 2008இல் மூன்று பேரும், 2019இல் மிச்சமிருந்த 13 பேரும் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே வந்துவிட்டார்கள். செத்தவர்களைப் புதைத்த இடத்துக்கு விடுதலைக் களம் என்று பேர். வருசா வருசம் ஜூன் 30 அன்று சனங்கள் போகிறார்கள்.

மேற்கே எழுமலைப் பக்கம் உத்தப்புரம். அங்கே ஒரு சுவர் இருந்தது. கையேடு எழுதுகிற பாணியிலேயே எழுதலாம்: கட்டப்பட்ட ஆண்டு 1989. கட்டியவர்கள், ஊரார். நோக்கம், தலித் தெருவிலிருந்து யாரும் இந்தப் பக்கம் வராமல் இருக்க. ஏறிக் குதித்துவிடாமல் இருக்க மின்கம்பி பொருத்திய செய்தி 2008இல் வெளியே வந்தது. மே 6 அன்று ஒரு பகுதியை அதிகாரிகள் இடித்தார்கள். இடித்ததற்காக ரேசன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கூட்டம் மலையடிவாரத்துக்குக் குடிபோனது. அங்கே முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனது 2011 நவம்பரில், மீனாட்சி கோயிலுக்குள் போய் 72 வருசத்துக்குப் பிறகு. நாயக்கர் மகால் தூணைவிட இந்தச் சுவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் வரலாற்றுப் பாடம் என்று நான் நினைக்கிறேன். கல்லூரிகளில் சுற்றுலாவியல் நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நம்ம சனங்களுக்கும் யாத்திரை உண்டு. டிசம்பர் 6க்கு மும்பை சைத்யபூமி, தம்ம தீட்சை நாளுக்கு நாக்பூர், டிசம்பர் 25க்குக் கீழ்வெண்மணி, செப்டம்பர் 11க்குப் பரமக்குடி இமானுவேல் சேகரன் நினைவிடம். லட்சக்கணக்கில் போகிற இந்தப் பயணங்களுக்குச் சுற்றுலாத்துறையின் விளம்பரத்தில் இடமில்லை. செப்டம்பர் 11 வந்தால் தடை உத்தரவு போடுவார்கள், எந்த வண்டியில், எந்த வழியாகப் போகலாம் என்று போலீஸ் சொல்லும். 2011இல் அந்த நாளில் சுட்டார்கள். அலங்காநல்லூரில் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து மாடு பார்க்கத் தனி மேடை கட்டிக் கொடுக்கிற அதே அரசாங்கம்தான்.

போன வருசம் என் அக்கா மகள், கல்லூரியில் கொடுத்த புராஜெக்டுக்கு, "மாமா, மதுரையில பாக்க வேண்டிய இடம் பத்து சொல்லுங்க"ன்னு வந்தாள். அவள் கையிலும் அதே புத்தகம், புதுப்பதிப்பு. நான் ஏழு அதிலிருந்தே சொன்னேன், 1939 ஜூலை 8ஐ முதல் பக்கத்திலேயே போடச் சொன்னேன். மிச்சம் மூன்றுக்கு, தும்பைப்பட்டியில் கக்கன் மணிமண்டபம், உத்தப்புரம், மேலவளவு. வாத்தியார் கடைசி இரண்டையும் சிவப்பு மையில் அடித்துவிட்டு, 'இவை சுற்றுலாத் தலங்கள் அல்ல' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவள் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நம்ம போயிட்டு வந்துருவோமா மாமா?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் மேலூர் வண்டி பிடித்தோம். மேலூரில் இறங்கி டீ குடித்துவிட்டு மேலவளவு வண்டி. சன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே வயலையும் பாறையையும் பார்த்துக்கொண்டே வந்தவள், ஊர் நெருங்கியதும் பஸ்ஸுக்குள் திரும்பி முன்சீட்டு, பின்சீட்டு, படிக்கட்டு என்று பார்க்க ஆரம்பித்தாள். அங்கே போய் அவள் போட்டோ எடுக்கவில்லை. கையேட்டின் கடைசியில் 'குறிப்புகள்' என்று போட்டு வெறுமனே விட்டிருக்கும் பக்கத்தில் ஆறு பேர் பேரையும் பேனாவால் எழுதினாள். ஒரு பேருக்கு எழுத்து சரிதானா என்று அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டாள். அந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து எனக்குத் தெரியாது தாயி, நீ வாசி, நான் சரியான்னு சொல்றேன்" என்றது.